எரிமலைச் சாம்பல் விழும் ஊரில் குடித்தனம்: வீட்டை எப்படி ஆயத்தம் செய்வது?

கோட்டையூரான் (இழையைத் தொடங்கியவர்)

இந்தோனேசியாவில் மேடான், பிரஸ்தகி, ஜோக்ஜகர்த்தா பக்கம் வேலைக்கும் படிப்புக்கும் போயிருக்கும் செட்டிநாட்டுக் குடும்பங்களுக்காக இந்த இழை. பிரஸ்தகி பக்கத்துச் சினாபுங் எரிமலை பல நூற்றாண்டு சும்மா கிடந்து 2010-ல் விழித்தது. 2020 ஆகஸ்டில்கூட பிரஸ்தகி தெருக்களைச் சாம்பல் மூடியது. அங்கே புதிதாகக் குடி போகிறவர்கள் இங்கே காரைக்குடியில் பெட்டி கட்டும்போது என்ன வாங்கிப் போக வேண்டும், சாம்பல் வரும் என்று தெரிந்ததும் என்ன செய்ய வேண்டும், விழுந்து முடிந்தபின் எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். இதை வைத்துக்கொள்ளுங்கள்: வாடகை வீடு, தகரக்கூரை, மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, வீட்டில் ஐந்து பேர், அதில் ஒரு குழந்தை, ஆஸ்துமா உள்ள ஒரு பெரியவர்.

2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹெய்லி குப்பி எரிமலை வெடித்ததிலிருந்து நம்ம ஊரிலும் விழுமா என்று பலர் கேட்கிறார்கள். அதற்கும் யாராவது பதில் சொல்லிவிடுங்கள்.

பாறைப்பாடம்

கடைசிக் கேள்விக்கு முதலில். ஹெய்லி குப்பி நவம்பர் 23 அன்று வெடித்தது. அதன் புகைமண்டலம் செங்கடலைத் தாண்டி ஏமன், ஓமன் வழியாக மறுநாள் வட இந்திய வானத்துக்கு வந்தது. விமானங்கள் பறக்கும் உயரத்தில் வந்ததால் விமானப் போக்குவரத்துதான் பாதிக்கப்பட்டது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் யாரும் ஜன்னலை அடைக்க வேண்டியதில்லை. இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை அந்தமானில் இருக்கும் பாரன் தீவு. அங்கே ஆள் குடியிருப்பே கிடையாது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவின் தோபா வெடித்தபோது மட்டும் இந்தியா முழுக்கச் சாம்பல் படிந்தது. கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் அந்த அடுக்கை இன்றும் மண்ணுக்குள் பார்க்கலாம்.

இனி முக்கியமான விஷயம். சாம்பல் என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடும். நமக்குத் தெரிந்தது அடுப்புச் சாம்பல். விறகு எரிந்து மிஞ்சியது, மெத்தென்று இருக்கும், தண்ணீரில் கொஞ்சம் கரையும், பாத்திரம் விளக்கலாம், செடிக்குப் போடலாம். எரிமலைச் சாம்பலில் எரிந்த பொருளே இல்லை. பாறைக்குழம்பு வாயு அழுத்தத்தில் சிதறி உறைந்த கண்ணாடித் தூளும் பாறைத்தூளும்தான் அது. 2 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள துணுக்கு எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர். தண்ணீரில் கரையாது. ஓரமெல்லாம் கூர்மை, ஜன்னல் கண்ணாடியைக் கீறும் கடினம். புதிதாக விழுந்த சாம்பலின் மேல் கந்தக அமிலமும் உப்புகளும் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். அதனால்தான் நனைந்ததும் தகரத்தை அரிக்கும், மின்சாரத்தைக் கடத்தும்.

புதுக்கோட்டைப் பக்கம் கல் கிரஷரை ஒட்டிய வீடுகளில் படியும் வெள்ளைத் தூசியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மிக நெருக்கமான பொருள் இது. அடுப்புச் சாம்பலை வைத்துக் கை பழகிய எந்த வேலையையும் இதில் செய்யாதீர்கள்.

இன்னொன்று. இந்த இழையில் சொல்வதெல்லாம் மலையிலிருந்து தள்ளி, சாம்பல் மட்டும் விழும் தொலைவில் இருப்பவர்களுக்குத்தான். இந்தோனேசிய அரசு எரிமலைகளுக்கு, ஆபத்து குறைந்ததிலிருந்து கூடியது வரை, நான்கு நிலை அறிவிக்கிறது: நோர்மல், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ். 'மேக்மா இந்தோனேசியா' செயலியில் ஒவ்வொரு மலையின் நிலையும், எத்தனை கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்பதும் இருக்கும். தடை வட்டத்துக்குள் வீடு இருந்தால் ஆயத்தம் என்று எதுவும் இல்லை, உடனே கிளம்ப வேண்டியதுதான்.

நாட்டுஓடு

கூரையைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் சாம்பலில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கூரைதான். 1991 ஜூன் 15-ல் பிலிப்பைன்ஸில் பினாதுபோ வெடித்த அதே நாளில் யூன்யா புயலும் வந்தது. சாம்பல் மழையில் ஊறி, பாரம் தாங்காமல் கூரைகள் இறங்கின. அங்கே இறந்தவர்களில் மிகப் பலர் கூரைக்கு அடியில் மாட்டியவர்கள்.

கணக்கு எளிது. 1 செ.மீ. கனம் காய்ந்த சாம்பல் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ. நனைந்தால் 15 முதல் 20 கிலோ வரை போகும். 10-க்கு 10 அடி அறையின் கூரையை எடுங்கள். 1 செ.மீ. காய்ந்த சாம்பல் கிட்டத்தட்ட இரண்டு சிமெண்ட் மூட்டை எடை. அதே கூரையில் 5 செ.மீ. விழுந்து நனைந்தால் குறைந்தது 14 மூட்டை. பழைய கைமரத்தின் மேல் 14 சிமெண்ட் மூட்டையை நாமாக ஏற்றுவோமா?

ஆகவே வீடு பார்க்கும்போதே கூரையைப் பாருங்கள். சரிவு குறைந்த தகரம், இடைவெளி அதிகமாகப் போட்ட சட்டம், கரையான் அரித்த விட்டம், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு தூண் இல்லாமல் நிற்கும் தாழ்வாரம், இவையெல்லாம் முதலில் விழும். கார் நிறுத்தும் தகரக் கொட்டகையும் அப்படியே. சாம்பல் விழும்போது அதன் கீழ் யாரும் நிற்கக்கூடாது.

கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் தாரையும், தண்ணீர் வெளியேறும் தூம்பும் அடுத்த தொல்லை. கூரையில் விழுந்த சாம்பலை மழை இழுத்துவந்து தாரையில் சேர்க்கும். அங்கே நனைந்து இறுகி, காய்ந்த சாந்து மாதிரி ஆகும். தாரை பாரத்தில் பிய்ந்து விழும், இல்லையென்றால் தண்ணீர் திரும்பிச் சுவருக்குள் இறங்கும். சாம்பல் வருவதற்கு முன்பே தாரையிலிருந்து கீழே இறங்கும் குழாயைக் கழற்றிவிடுங்கள். மழைநீர்த் தொட்டிக்கோ வடிகாலுக்கோ போகும் வாயைப் பி.வி.சி. மூடியால் அடையுங்கள். மூடி குழாயின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். முன்கூட்டியே வாங்கிப் போட்டுப் பார்த்து வையுங்கள், அவசரத்தில் கடை திறந்திருக்காது.

கூரையைச் சுத்தம் செய்யும்போது செய்கிற பெரிய தப்பு குழாயை வைத்துத் தண்ணீர் அடிப்பது. பாரம் இரண்டு மடங்காகிறது, இறங்கும் சேறு வடிகாலை அடைக்கிறது. தெளிப்பானில் லேசாக, தூசி எழாத அளவுக்கு மட்டும் நனைத்து, மண்வாரியால் வாரிச் சாந்துச் சட்டியில் எடுத்துக் கயிற்றில் இறக்குங்கள். ஒரு பக்கச் சரிவை மட்டும் முழுதாக வாரிவிட்டு மறுபக்கத்தை அப்படியே விடாதீர்கள், பாரம் ஒருபக்கமாகச் சாயும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி எடுங்கள். கனம் கூடும்வரை காத்திருக்கவும் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் சீட் மேல் கால் வைக்கவே கூடாது, பலகை போட்டும் நம்ப முடியாது. சாம்பல் படிந்த தகரம் வழுக்கும் என்பதால் இடுப்பில் கயிறு கட்டாமல், கீழே ஆள் இல்லாமல் ஏறாதீர்கள். சாம்பலுக்குத் தப்பித்தவர்கள் கூரையிலிருந்து விழுந்து கால் உடைவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

மூச்சுப்பயிற்சி

மாஸ்க் விஷயத்தில் துணி மாஸ்க், கைக்குட்டை, அறுவைசிகிச்சை மாஸ்க் மூன்றையும் நம்பாதீர்கள். நுரையீரலின் அடிவரை போகும் துணுக்கு 4 மைக்ரானுக்கும் சிறியது. அதைத் தடுக்க என்-95, கேஎன்-95, எஃப்எஃப்பி-2 இந்த மூன்றில் ஒன்று வேண்டும். தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற வகை, காதில் மாட்டுவதைவிட நன்றாக ஒட்டும். மூக்கின் மேல் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி, இரண்டு உள்ளங்கையாலும் மாஸ்க்கை மூடி வேகமாக மூச்சு விடுங்கள். ஓரத்தில் காற்று வந்தால் அது மாட்டினதாகவே கணக்கில்லை. தாடி இருந்தால் ஒட்டாது. நான்கு பெரியவர்களுக்கு 20 உள்ள பெட்டி ஒன்று சாதாரண சாம்பலுக்குப் போதும். சுத்தம் செய்கிறவருக்குத் தனியாக ஒரு பெட்டி வையுங்கள். மூச்சு இழுக்கக் கஷ்டமானதும் மாற்றிவிடுங்கள்.

ஆஸ்துமா உள்ள பெரியவருக்கு மாஸ்க்கே மூச்சை இறுக்கலாம். அவர் வெளியே வராமல் இருப்பதுதான் முதல் மருந்து. இன்ஹேலர் ஒரு மாதத்துக்குக் கையிருப்பு வேண்டும், மருத்துவரின் சீட்டும் கூடவே இருக்கட்டும். கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் சாம்பல் நாளில் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுங்கள். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே ஒரு துணுக்கு மாட்டினால் கீறிவிடும். கண்ணைக் கசக்கக்கூடாது, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

தேவகோட்டை வாசல்

ஈரத்துண்டை மூக்கில் கட்டினால் தூசி ஒட்டிக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, மூச்சு அண்ணே? நெல் தூற்றும்போது அப்படித்தானே செய்கிறோம்?

மூச்சுப்பயிற்சி

நெல் உமி பெரிய துணுக்கு தம்பி, அதனால் துண்டில் நிற்கிறது. சாம்பலின் நுண்துணுக்குக்கு, துணியை நனைப்பதால் வடிகட்டும் திறன் கூடுவதில்லை. எரிமலைச் சாம்பலும் உடல்நலமும் பற்றி ஆராய்கிற பன்னாட்டு நிபுணர் குழுவும் இதையே சொல்கிறது. வேறு வழியே இல்லையென்றால் துணியை நாலு மடிப்பாக்கி முகத்தோடு இறுகக் கட்டுங்கள், காய்ந்தபடியே. ஈரத்துண்டுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது: கதவின் அடியில் சுருட்டி வையுங்கள், அங்கே தூசியை நன்றாகப் பிடிக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி

சமையலும் தண்ணீரும் நான் சொல்கிறேன்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், குடிக்கவும் சமைக்கவும் மட்டும். ஐந்து பேருக்கு ஒரு வாரம் 140 லிட்டர் ஆகிறது. அங்கே 'காலோன்' என்று சொல்லும் 19 லிட்டர் கேன் எட்டு வாங்கி வைத்தால் சரி. குளிக்க, துடைக்கத் தனியாக வாளி, அண்டா எல்லாம் நிரப்பி மூடி வைக்கணும். சாம்பல் விழுந்தபிறகு ஊரே ஒரே நேரத்தில் கழுவ ஆரம்பிக்கும், குழாயில் தண்ணீர் நின்றுபோகும்.

மாடித் தொட்டியின் மூடி சும்மா வைத்ததாக இருந்தால் காற்று தூக்கிவிடும். பிளாஸ்டிக் விரிப்பை மூடிமேல் போட்டுக் கழுத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். காற்றுப்போக்குக் குழாயின் வாயில் மெல்லிய துணி கட்டுங்கள். சாம்பல் உள்ளே போய்விட்டால் கலக்காமல் ஒரு நாள் தெளிய விடுங்கள். அடியில் தங்கியதை இழுக்காமல் மேலே இருப்பதை மட்டும் மொண்டு துணியில் வடிகட்டுங்கள். அதன்பிறகுதான் குளோரின். வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் திரவம் லிட்டருக்கு 2 சொட்டு, கலங்கலாகவே இருந்தால் 4 சொட்டு, 30 நிமிஷம் பொறுக்கணும். கலங்கின தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, அதனால் தெளியவைக்கும் வேலையைத் தாண்டிப் போகாதீர்கள்.

நாக்கில் புளிப்பாகவோ உலோக ருசியாகவோ இருந்தால் அந்தத் தண்ணீர் குடிக்க வேண்டாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், அமிலமும் ஃபுளோரைடும் போகாது, கொதித்து வற்ற வற்ற இன்னும் செறிவாகத்தான் ஆகும்.

மொட்டை மாடியில் காயும் வற்றல், அப்பளம், மிளகாய் முதலில் உள்ளே வரணும். அரிசி, பருப்பு டப்பா மூடியை இறுக்குங்கள். பாத்திரத்தில் சாம்பல் படிந்தால் தேய்க்காதீர்கள். நிறையத் தண்ணீர் ஊற்றி அது தானாக இறங்கிப் போனபின்தான் சோப்பும் நாரும். இல்லையென்றால் எவர்சில்வர் முழுக்கக் கோடு விழும். கீரை, காய் எல்லாம் மூன்று தண்ணீரில் அலசினால் சாப்பிடலாம்.

இன்னொன்று மறக்காமல். ஜன்னலெல்லாம் அடைத்த வீட்டில் கரி அடுப்பும் ஜெனரேட்டரும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோகும். கேஸ் அடுப்புகூட எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அவல், பொரி, சத்துமாவு, ரொட்டி, வாழைப்பழம் என்று அடுப்பு மூட்டாத சாப்பாடு இரண்டு மூன்று நாளைக்கு இருக்கட்டும்.

ஊருணிக்கரை

ஆச்சி, ஊருணித் தண்ணீரைத் தெளியவைக்கிற தேத்தாங்கொட்டையை இதில் உரசிப் போடலாமா?

பள்ளத்தூர் ஆச்சி

போடலாம் தம்பி, கலங்கல் சீக்கிரம் அடியில் இறங்கும். ஆனால் அது தெளியத்தான் வைக்கும். அமிலம், ஃபுளோரைடு அதில் போகாது, கிருமியும் முழுக்கச் சாகாது. தெளிந்தபிறகும் குளோரின் போட்டாகணும். பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கே என்று குடித்துவிடாதீர்கள்.

மின்பெட்டி

ஈரச் சாம்பல் மின்சாரத்தைக் கடத்தும் என்று பாறைப்பாடம் சொன்னார். கம்பத்து இன்சுலேட்டர் மேல் படிந்து தூறலில் நனைந்தால் மின்சாரம் அதன் வழியாகப் பாயும், பொறி பறக்கும், சப்ளை போகும். அதனால் மின்வெட்டு நிச்சயம் என்று வைத்துக்கொண்டு பவர் பேங்க், டார்ச், பேட்டரி ரேடியோ மூன்றும் தயாராக இருக்க வேண்டும். அறுந்து தொங்கும் கம்பி, சாம்பல் மூடிய டிரான்ஸ்பார்மர் பக்கம் போகவே கூடாது.

ஏசியை அணைத்துவிடுங்கள். வெளியே இருக்கும் பெட்டியின் அலுமினியத் தகடுகளுக்குள் சாம்பல் அடைத்து அது சூடாகிக் கெடும். அணைத்தபின் அதன்மேல் விரிப்பு போட்டுக் கட்டலாம், ஓடும்போது மூடக்கூடாது. சீலிங் ஃபேன் வேண்டாம், படிந்ததை எல்லாம் திரும்பக் கிளப்பும். கணினி, டிவிக்கு உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போதும், அணைத்தபிறகு சுற்றுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையை அட்டையும் டேப்பும் வைத்து அடையுங்கள். எல்லாரும் மறக்கிற ஓட்டை அதுதான்.

சோலார் தகடு, வண்டிக் கண்ணாடி இரண்டுக்கும் ஒரே விதி, காய்ந்த துணியால் துடைக்காதே. வைப்பர் ஒருமுறை ஓடினால் போதும், கண்ணாடி முழுக்க வில் வில்லாகக் கீறல். வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது. எடுத்தே ஆகவேண்டும் என்றால் மெதுவாகப் போய், வந்ததும் ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.

ஆத்தங்குடித்தளம்

வீட்டுக்குள் சுத்தம் செய்வது பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. நம்ம பெண்கள் விளக்குமாற்றை எடுத்துவிடுவார்கள், அங்கேதான் தவறு ஆரம்பிக்கிறது. காய்ந்த சாம்பலைப் பெருக்கினால் பாதி காற்றில் ஏறி மூச்சுக்குள் போகும். மீதி தரையைத் தேய்க்கும். ஆத்தங்குடி ஓட்டின் பூவேலை சிமெண்டும் நிறமும் கலந்து கண்ணாடிமேல் வார்த்த மெல்லிய மேற்பரப்பு. அதன்மேல் கண்ணாடித்தூளை விளக்குமாற்றால் இழுத்தால் பளபளப்பு ஒரே நாளில் செத்துவிடும். அங்கே இருக்கும் டைல்ஸுக்கும் மரத்தரைக்கும் இதேதான்.

முதலில் மேலிருந்து கீழ் வரிசை: பரண், அலமாரி, ஜன்னல் கட்டை, கடைசியில் தரை. தெளிப்பானால் பனி மாதிரி நனைத்து, ஈரமான துணியை அழுத்தாமல் ஒத்தி எடுங்கள். ஒரே இழுப்பு, துணியை மடித்துச் சுத்தமான பக்கம், அடுத்த இழுப்பு. முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். துணியை அலச இரண்டு வாளி வையுங்கள், முதல் வாளியின் அடியில் சாம்பல் தங்கும். அந்த வாளியை வாஷ்பேசினிலோ கழிவறையிலோ கவிழ்க்கக்கூடாது, குழாய் வளைவில் போய் இறுகிவிடும். தெளியவிட்டு, மேல்தண்ணீரை வெளியே ஊற்றி, அடிச்சேற்றைப் பையில் கட்டுங்கள்.

பை எப்படி என்றால், அரிசிச் சாக்குக்குள் ஒரு கனமான பிளாஸ்டிக் பை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பினால் தூக்க முடியாது, முதுகு பிடித்துக்கொள்ளும். வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் நகராட்சி சொல்லும் இடத்தில் தனியாக வையுங்கள்.

துணிமணியை வெளியே உதறிவிட்டுத்தான் மெஷினில் போடவேண்டும். வாசலில் ஒரு பெட்டி வைத்து, வெளியே போய்வந்தவர் சட்டை, செருப்பை அங்கேயே கழற்றுகிற பழக்கம் வந்துவிட்டால் வீட்டுக்குள் வருவது வெகுவாகக் குறையும்.

வளவுவாசி

ஒரு சந்தேகம். மேடான் பழைய தெருக்களில் இருக்கும் கடைவீடுகளில் நடுவே வெளிச்சத்துக்குத் திறந்த முற்றம் இருக்கிறது, நம்ம வளவு மாதிரி. அதை எப்படி அடைப்பது?

நாட்டுஓடு

அடைக்கப் பார்க்காதீர்கள். முற்றத்தின் மேல் டார்ப்பாலினைக் கூரையிலிருந்து கூரைக்குக் கட்டினால் அது தொட்டி மாதிரி சாம்பலைச் சேர்த்துக் கட்டின இடத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். முற்றத்தை வெளி என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வளவைச் சுற்றி இருக்கும் இரட்டை வீடு என்கிற அறைகளில் ஜன்னல் குறைந்த ஒன்று, அதுதான் எல்லாரும் இருக்கவேண்டிய அறை. அதன் கதவு ஓரம், ஜன்னல் சந்து, மேலே ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, இவற்றை டேப்பும் ஈரத்துண்டும் வைத்து அடையுங்கள். ஒரு அறையை ஒழுங்காக அடைப்பது, பத்து அறையை அரைகுறையாக அடைப்பதைவிட மேல்.

முற்றத்துத் தூம்பை மட்டும் கட்டாயம் சாக்கு வைத்து அடைத்துவிடுங்கள். சாம்பலை வாரி எடுத்தபிறகுதான் திறக்க வேண்டும். மழை வரும்போல் இருந்தால் தூம்புவாயைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு முதலில் வாருங்கள்.

சுண்ணாம்புக் காரைச் சுவர் இருந்தால் அமிலம் அதைத் தின்னும், ஈரத்தோடு நாள்கணக்கில் ஒட்டிக்கிடக்க விடாதீர்கள். 2010-ல் மெராப்பி வெடித்துச் சாம்பல் போரோபுதூர் புத்தக் கோயில் மேல் படிந்தபோது கல் அரிக்காமல் இருக்க உடனே சுத்தம் செய்தார்கள். 2014 பிப்ரவரியில் கெலுட் வெடித்துச் சாம்பல் 200 கிலோமீட்டர் தாண்டி ஜோக்ஜகர்த்தா வரை வந்தது, அப்போது ஸ்தூபிகளைப் பிளாஸ்டிக் போட்டு மூடினார்கள்.

கோட்டையூரான்

எல்லாருக்கும் நன்றி. காரைக்குடியிலேயே வாங்கிப் பெட்டியில் போடவேண்டியது என்று நான் குறித்தது: என்-95 பெட்டி இரண்டு, ஓரம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி ஆளுக்கு ஒன்று, அகல டேப் நாலு சுருள், தெளிப்பான் ஒன்று, இன்ஹேலர், மருத்துவர் சீட்டு. விரிப்பு, மண்வாரி, கேன், குழாய் மூடி எல்லாம் அங்கே. குழந்தைக்கு எந்த மாஸ்க் வாங்க?

மூச்சுப்பயிற்சி

பெரியவர் என்-95 குழந்தை முகத்தில் ஒட்டவே ஒட்டாது. சிறிய அளவு கிடைத்தால் வாங்கி, இங்கேயே போட்டுப் பார்த்து, ஓரத்தில் காற்று வருகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். ஒட்டினாலும் அது வீட்டிலிருந்து வண்டி வரை போக மட்டும். குழந்தையைப் பாதுகாப்பது அந்த அடைத்த அறைதான். ஓடி விளையாடாமல் உட்கார்ந்தே இருக்கும்படி பல்லாங்குழி, படம் வரைய நோட்டு, கலர் பென்சில் என்று ஒரு பை சேர்த்து வையுங்கள். குழந்தை ஓடினால் மூச்சு வேகமாகும், அதே காற்றில் இரண்டு மூன்று மடங்கு தூசி உள்ளே போகும்.

நாட்டுஓடு

ஒரு வரி சேர்க்கிறேன். குழாய் மூடியையும், குழாயைக் கழற்றும் திருப்புளியையும் ஒரே பையில் போட்டு, மாடிப்படி ஏறும் இடத்தில் ஆணியில் மாட்டி வையுங்கள். கரண்ட் இல்லாத இருட்டில் பெட்டிக்குள் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.